காரின் டச் ஸ்கிரீனை வண்டி எடுக்கும் முன்பே செட் செய்வது எப்படி?

புதுக் காரில் வந்த டச் ஸ்கிரீனாக இருக்கலாம், பழைய காரில் இப்போதுதான் மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவாகவும் இருக்கலாம். அது உங்களுக்குப் புதிது என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். ஓட்டும்போது ஸ்கிரீனைத் தொடவே தேவைப்படாத மாதிரி அதை எப்படி அமைத்து வைப்பது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. பாட்டு மாற்ற இரண்டு நொடி குனிந்தால் 44 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள். சென்னைக்குத் தெற்கே பரனூர் டோலைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தத் தூரத்துக்குள் ராங் சைடில் ஒரு பைக்கே வந்துவிடும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. 2013-இல் கார் நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஸ்கிரீனில் ஒரு வேலை செய்யும்போது ஒரு தடவை பார்ப்பது 2 நொடிக்குள் இருக்க வேண்டும், வேலை முடிவதற்குள் கண் சாலையை விட்டு விலகும் மொத்த நேரம் 12 நொடியைத் தாண்டக் கூடாது என்றது. என்னைக் கேட்டால் நம் ஊர்ச் சாலைக்கு அந்த 2 நொடியே அதிகம்.

படி 1: வண்டியை நிறுத்தி வைத்துப் பழகுங்கள்

வீட்டு வாசலில் அல்லது ஏதாவது காலி இடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, அரை மணி நேரம் உட்காருங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். முகப்புப் பக்கத்தில் மேப், போன், பாட்டு மூன்றை மட்டும் முன்னால் வைத்துவிட்டு மற்ற ஐகான்களைப் பின்னால் தள்ளுங்கள். இரவில் வெளிச்சம் தானாகக் குறையும்படி வையுங்கள். ஹெட்லைட் போட்டதும் ஸ்கிரீன் மங்க வேண்டும். மங்கவில்லை என்றால் வெளிக் கடையில் மாட்டிய ஸ்டீரியோவில் லைட் ஒயர் கொடுக்காமல் விட்டிருக்கலாம், கடையில் கேளுங்கள்.

படி 2: பார்க்கிங் ஒயரைச் சோதியுங்கள்

வெளிக் கடையில் ஸ்டீரியோ மாட்டியவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள். ஸ்டீரியோவின் பின்னால் வரும் ஒயர் கொத்தில் ஒன்று ஹேண்ட்பிரேக் சுவிட்சுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அதில் ‘பார்க்கிங்’ அல்லது ‘பிரேக்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்தான் வீடியோ ஓட வேண்டும் என்பதற்காக வைத்த ஒயர் அது. சில கடைகளில் அதை எர்த்தோடு முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். கேட்டால், “கஸ்டமருங்களே படம் ஓடணும்னு சொல்றாங்க சார்” என்பார்கள். அப்படிச் செய்தால் ஹேண்ட்பிரேக் எப்போதும் போட்டிருப்பதாகவே ஸ்டீரியோ எடுத்துக்கொள்ளும். 100 கி.மீ. வேகத்திலும் டிரைவர் முன்னால் படம் ஓடும்.

சோதிப்பது சுலபம். சமதளத்தில் நிறுத்தி, கால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒரு வீடியோவை ஓட விடுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். படம் நின்றால் சரி. தொடர்ந்து ஓடினால் முதலில் செட்டிங்ஸில் ஓட்டும்போது வீடியோவைத் தடுக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், பல ஸ்டீரியோக்களில் இருக்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால் அதே கடைக்குப் போய் ஒயரைச் சரியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பின் சீட்டில் குழந்தைகள் படம் பார்க்க வேண்டுமென்றால் அவர்களுக்குத் தனி ஸ்கிரீன் மாட்டிக்கொள்ளலாம்.

படி 3: போனை அடக்குங்கள்

ஐபோனில் செட்டிங்ஸ், ஃபோகஸ், டிரைவிங் என்று போய், கார்பிளேயில் (ஐபோனைக் கார் ஸ்கிரீனில் காட்டும் வசதி) இணைந்ததும் தானாக ஆன் ஆகும்படி வையுங்கள். ‘வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்’ என்ற பதிலை அதுவே அனுப்பிவிடும். ஆண்ட்ராய்டு போன்களில் இது கம்பெனிக்குக் கம்பெனி வேறு இடத்தில் இருக்கும், செட்டிங்ஸில் ‘டிரைவிங்’ என்று தேடுங்கள். ஆண்ட்ராய்டு போனைக் கார் ஸ்கிரீனில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவின் செட்டிங்ஸில் மெசேஜ் அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். வாட்ஸ்ஆப் குரூப் மெசேஜ் ஸ்கிரீனில் எட்டிப் பார்த்தால் கண் தன்னால் அங்கே போகும்.

போன் கையில் இருக்கவே கூடாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு அதை ஆபத்தான ஓட்டுதல் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று 2020-இல் விதி வந்தது.

படி 4: வழியைக் கிளம்பும் முன்பே போடுங்கள்

வீடு, அலுவலகம் இரண்டையும் கூகுள் மேப்ஸில் சேமித்துவிடுங்கள். செட்டிங்ஸில் குரலைத் தமிழுக்கு மாற்றுங்கள். “வலதுபுறம் திரும்பவும்” என்று காதில் விழுந்தால் ஸ்கிரீனைப் பார்க்கும் தேவை பாதியாகக் குறையும். நடுவழியில் இடம் மாறினால் பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். தனியாகப் போகிறீர்களா? பெட்ரோல் பங்க்கிலோ சாப்பாட்டுக் கடையிலோ உள்ளே போய் நிறுத்தி மாற்றுங்கள். ஹைவே ஓரத்தில் நிறுத்தவே வேண்டாம்.

படி 5: பார்க்காமலே பட்டனைத் தொடப் பழகுங்கள்

ஸ்வீடனின் வி பிலாகரே என்ற கார் இதழ் 2022-இல் ஒரு சோதனை நடத்தியது. 110 கி.மீ. வேகத்தில் ரேடியோ, ஏ.சி. மாதிரியான நான்கு சாதாரண வேலைகள். பட்டன்கள் உள்ள 2005 வால்வோவில் 10 நொடியில், 306 மீட்டருக்குள் முடிந்தது. டச் ஸ்கிரீன் வைத்த ஒரு புதுக் காரில் 44.9 நொடி ஆனது, அதற்குள் கார் 1,372 மீட்டர் போயிருந்தது. இண்டிகேட்டர், ஹசார்டு லைட், வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பட்டனோ லிவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று ஐரோப்பாவின் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் கேட்பதற்கு இந்த மாதிரி அனுபவங்கள்தான் காரணம்.

நிறுத்திய காரில் கண்ணை மூடிக்கொண்டு வால்யூம், ஹசார்டு, முன் கண்ணாடி டீஃபாக் (கண்ணாடியில் படியும் ஆவியை நீக்குவது) மூன்றையும் தொட்டுப் பழகுங்கள். டீஃபாக் ரொம்ப முக்கியம். அடைமழையில் கண்ணாடி முழுக்க ஆவி படியும்போது அது எங்கே இருக்கிறது என்று தேட நேரம் இருக்காது. உங்கள் காரில் அது ஸ்கிரீனுக்குள் இருந்தால், மழை பிடிக்கும் முன்பே ஆன் செய்துவிடுங்கள்.

படி 6: குரல் கட்டளையை அளவாக வையுங்கள்

காரிடம் பேசி வேலை வாங்கும்போது கை ஸ்டீயரிங்கில், கண் சாலையில் இருந்தாலும் மனம் வேறு எங்கோ இருக்கும். 2015-இல் அமெரிக்காவின் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு செய்த ஆய்வில், மோசமான குரல் அமைப்புகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் 27 நொடி வரை கவனம் முழுதாகத் திரும்பவில்லை. “அம்மாவுக்குப் போன் போடு” என்கிற அளவோடு நிறுத்துங்கள். சொன்னது அதற்குப் புரியவில்லை என்றால் திரும்பத் திரும்பச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஸ்டீரியோவுக்கோ போனுக்கோ சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் செட்டிங்ஸ் மாறியிருக்கலாம். அன்று காரை எடுக்கும் முன் படி 2-இல் சொன்ன வீடியோ சோதனையையும் படி 3-ஐயும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். அதே காரை வீட்டில் வேறு யாராவது ஓட்டுகிறார்கள் என்றால், அவர்கள் போனிலும் டிரைவிங் ஃபோகஸை நீங்களே ஆன் செய்து கொடுங்கள்.