நேரில் கண்ட பறவையை மரத்தில் செதுக்குவது எப்படி?

மரத்தில் செதுக்கிய பறவை உயிருள்ளதைப் போலத் தோன்றுவதற்கு இறகுகளின் நுணுக்கமே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், ஓர் இறகுகூடக் கீறப்படாத நிலையிலேயே, அறையின் மறுமுனையிலிருந்து பார்ப்பவருக்கு அது என்ன பறவை, எதைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிட வேண்டும். அது தெரியவில்லையென்றால் பின்னர் எத்தனை நுணுக்கங்களைச் சேர்த்தாலும் பயனில்லை. ஆகவே, உளியைக் கையில் எடுப்பதற்கு வெகுமுன்பே, பறவையை நேரில் பார்க்கும் இடத்திலேயே இந்த வேலை தொடங்கிவிடுகிறது.

பார்க்கும்போது நிறங்களைக் குறித்துக்கொள்வதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அவற்றை நல்ல ஒளிப்படங்களிலிருந்து பின்னர் பெற்றுக்கொள்ளலாம். உடலின் எடை எந்தக் காலில் இறங்கியிருக்கிறது, முதுகுக்கோடு தரைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, தலை உடலின் போக்கிலேயே இருக்கிறதா அல்லது திரும்பியிருக்கிறதா, இறகுகள் ஒட்டியிருக்கின்றனவா உப்பியிருக்கின்றனவா என்பவற்றையே குறித்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையடைந்த பறவை இறகுகளை உடலோடு இறுக்கி, மெலிந்து நீண்டு நிற்கும். குளிரிலும் ஓய்விலும் அதே பறவை இறகுகளை உப்பவைத்து உருண்டையாக அமர்ந்திருக்கும். ஓர் ஒளிப்படத்திலிருந்து தலையையும் வேறோர் ஒளிப்படத்திலிருந்து உடலையும் எடுத்துச் செதுக்கும் சிற்பங்கள், அளவுகள் யாவும் சரியாக இருந்தும் செயற்கையாகத் தோன்றுவதற்கு இந்த வேறுபாட்டைக் கவனியாததே பெரும்பாலும் காரணமாகிறது.

தொலைவிலிருந்தே பாருங்கள். உங்களைக் கண்டுகொண்ட பறவை அச்சத்தின் தோற்றத்தை மட்டுமே உங்களுக்குக் காட்டும். கூட்டுக்கு அருகில் செல்வதோ அதன் குஞ்சுகளுக்கே கேடாக முடியும். உதிர்ந்த இறகுகளை மாதிரிக்காகப் பொறுக்குவதற்கு முன் உங்கள் நாட்டின் சட்டத்தைத் தெரிந்துகொள்வதும் அவசியம். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின்படி, அச்சட்டம் காக்கும் பறவைகளின் உதிர்ந்த இறகை வைத்திருப்பதுகூட அனுமதியின்றிக் கூடாது.

நீருக்கு மேல் நீண்டிருந்த கிளையில் ஒரு சிறு மீன்கொத்தி அமர்ந்திருந்ததை நான் பார்த்தபோது, உடல் அசையாமலிருக்கத் தலை மட்டும் சட்டென்று எழுந்து தாழ்ந்தது. ஆனால் அலகின் நுனி நீரிலிருந்த ஒரே இடத்தை விட்டு விலகவில்லை. குறிப்பேட்டில் நான் வரைந்தவை மூன்றே கோடுகள்: கிளை, முதுகு, அலகு. அந்தக் கோடுகளுக்கு இடைப்பட்ட கோணங்களே பின்னர் செதுக்கிய சிற்பத்தின் அடிப்படையாயின. உங்கள் குறிப்பும் இவ்வளவு சுருக்கமாக இருக்கலாம். ஆனால் பார்த்த இடத்திலேயே வரையப்பட்டிருக்க வேண்டும். வீடு திரும்பி நினைவிலிருந்து வரையும்போது கை தன்னையறியாமல் பொதுவான ஒரு பறவையை வரைந்துவிடுகிறது.

அடுத்து, அந்தக் கோடுகளைக் களிமண்ணில் சிறிய உருவமாகப் பிடித்துப் பாருங்கள். மரத்தில் வெட்டியெறிந்ததைத் திரும்ப ஒட்டுவது கடினம். களிமண்ணில் தலையை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். உடலமைப்பைப் பற்றிய ஐயங்களும் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிட வேண்டும். பறவையின் காலில் பின்னோக்கி மடங்குவது போலத் தெரியும் மூட்டு கணுக்காலேயன்றி முழங்கால் அல்ல. முழங்கால் வயிற்றோர இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. நிற்கும் பறவையின் விரல்கள் உடலின் எடைமையத்திற்கு நேர்கீழே அமையாவிட்டால், அது விழப்போவதைப் போன்ற உணர்வு பார்ப்பவருக்கு ஏற்படும். விலங்குகளுக்கும் இது பொருந்தும். தலைகீழாக மரத்திலிருந்து இறங்கும் அணிலின் பின்பாதங்கள் பின்புறமாகத் திரும்பிப் பட்டையைப் பற்றியிருக்கும். அவற்றை முன்னோக்கிச் செதுக்கினால் அந்த அணில் மரத்தில் தொற்றியிருப்பதாகவே தோன்றாது.

மரத்தைப் பொறுத்தவரை, நெருக்கமான, சீரான நாரும் மென்மையும் உடையதைத் தேர்ந்தெடுங்கள். மேலைநாட்டுச் செதுக்காளர்கள் பாஸ்வுட், டூபிலோ என்னும் மென்மையான மரங்களை விரும்புகிறார்கள். குமிழ மரமும் உளிக்கு இணக்கமானது. வண்ணம் பூசப்போவதில்லை என்றால் தேக்கு, வால்நட் போன்ற ரேகை அழகுள்ள மரங்கள் ஏற்றவை. ஆனால் அழுத்தமான ரேகை, முகத்தின் சிறிய வளைவுகளைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும் என்பதையும் எண்ணிப்பாருங்கள். கட்டை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மரம் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல ஏறத்தாழ இருமடங்கு; பச்சைக் கட்டையில் செதுக்கிய உருவம் பின்னர் வெடிப்பது இதனால்தான்.

நார் ஓடும் திசையே இந்த வேலையில் மிகுந்த கவனத்தைக் கோருவது. மெல்லிய உறுப்பு எதுவோ அதன் நீளவாக்கில் நார் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அலகு ஒரு சிறு தட்டலிலேயே முறிந்துவிடும். உடல் நிமிர்ந்தும் அலகு நீரை நோக்கித் தாழ்ந்தும் இருக்கும் மீன்கொத்தியில் ஒரே கட்டை இரண்டிற்கும் ஈடுகொடுக்காது. ஆகையால் தலையைத் தனிக் கட்டையில், அலகின் போக்கில் நார் ஓடுமாறு செதுக்கி, கழுத்தில் தட்டையான இரு முகங்களாகப் பொருத்தி ஒட்டுவது நல்லது. ஒட்டுமுன் தலையைச் சற்று இடமும் வலமும் திருப்பிப் பார்த்து, குறிப்பேட்டுக் கோணத்தைச் சரிபார்க்கும் வாய்ப்பும் இதில் கிடைக்கிறது. ஒட்டிய இடம் பின்னர் கழுத்து இறகுகளுக்குள் மறைந்துவிடும்.

கட்டையின் பக்கவாட்டு முகத்தில் பக்கத்தோற்றத்தையும் மேல் முகத்தில் மேற்தோற்றத்தையும் வரைந்து, முதலில் பக்கத்தோற்றத்தை ரம்பத்தால் அறுங்கள். அறுத்த துண்டுகளை நாடாவால் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டு மேற்தோற்றத்தை அறுத்தால், கோடுகள் அழியாமல் உருவம் இரு திசைகளிலும் கிடைத்துவிடும். கோட்டிற்கு வெளியே 2 அல்லது 3 மில்லிமீட்டர் விட்டு அறுப்பது பாதுகாப்பானது. பின்னர் அலகிலிருந்து வால்வரை நடுக்கோடு ஒன்றைப் பென்சிலால் இடுங்கள். உளி அதை அழிக்கும் ஒவ்வொரு முறையும் மீண்டும் வரைய வேண்டும். இந்தச் சிறிய ஒழுங்கைக் கைவிடுவதாலேயே இரு கன்னங்களும் வெவ்வேறு அளவாகிவிடுகின்றன.

உளியை எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே செலுத்துங்கள். கழுத்துக்குழிவு போன்ற இடங்களில் இருபுறத்திலிருந்தும் இறங்கி நடுவில் சந்திக்க வேண்டும். ஒரே வீச்சில் குழியைக் கடந்து ஏறினால் நார் பிய்ந்து எழும். சாணை பிடித்த உளியையும் கத்தியையும் தோல் வாரில் அடிக்கடி தீட்டுவது, மழுங்கிய முனையை அழுத்தித் தள்ளுவதைவிட விரல்களுக்கும் பாதுகாப்பானது. கட்டையைப் பிடிக்கும் கையில் வெட்டுத் தாங்கும் கையுறையும், தேய்க்கும்போது முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

உருவம் முழுவதும் வளைவு பெற்ற பிறகு, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து நிழல்களைப் பாருங்கள். முதுகிலும் விலாவிலும் கட்டையின் பழைய மூலைகள் மெல்லிய விளிம்புகளாக எஞ்சியிருப்பதை அந்த ஒளி காட்டிக்கொடுக்கும். அலகை மெல்லியதாக்குவதை இறுதிவரை தள்ளிப்போட்டு, முடித்தவுடன் நீர்போல் ஓடும் மெல்லிய வகைச் சூப்பர் க்ளூவை அதில் ஊறவைத்தால் அதன் நுனி கெட்டிப்படும்.

கண்களுக்கு அவசரமின்றி நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடிக் கண்ணைவிடச் சற்றே பெரிய குழியைத் தோண்டி, எபாக்ஸி புட்டியில் (இரு பகுதிகளைக் கலந்ததும் மெல்ல இறுகும் பசைக்களிமண்) பதித்து, அது இறுகுவதற்கு முன் தலையை நேரெதிரிலிருந்தும் மேலிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். ஒரு கண் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலும் பார்வை தடுமாறிவிடும். வெளியே பிதுங்கிய கண் திகைப்பையும், ஆழப் புதைந்த கண் நோயையும் காட்டும். மெல்லிய புட்டித் திரியால் இமையின் விளிம்பை அமைத்த பிறகே முகத்திற்கு ஒரு நோக்கம் வருகிறது.

இறகுகளை ஒவ்வொன்றாக வரையத் தொடங்காதீர்கள். தோள், சிறகின் மூடிறகுகள், விலா எனத் தொகுதிகளை முதலில் மென்மையான மேடுகளாக எழுப்பி, அதன்பின் தனி இறகுகளைப் பிரித்துக் காட்டுங்கள். பெரும்பாலான பறவைகளுக்கு வாலிறகுகள் 12. எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. சூட்டுக்கோலால் (சூடான முனையால் மரத்தைக் கருக்கிக் கோடிடும் கருவி) கோடிடும்போது வாலில் தொடங்கித் தலையை நோக்கி வாருங்கள். இறகுகள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் கோடுகளைத் தூய்மையாக மூடும். ஒவ்வோர் கோடும் நடுத்தண்டிலிருந்து குறுங்கோணத்தில் கிளம்பி விளிம்பை நோக்கி லேசாக வளைய வேண்டும். இங்குமங்கும் ஓர் இறகில் சிறு பிளவை விட்டால் ஒரேமாதிரியான தன்மை குறையும்.

வண்ணத்திற்கு, நீர்த்த அக்ரிலிக்கைப் பல மெல்லிய படலங்களாகப் பூசுங்கள். தடித்த பூச்சு சூட்டுக்கோலின் கோடுகளை அடைத்துவிடும். மீன்கொத்தியின் நீலம் நிறமியால் வருவதன்று; இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாகிறது. அதனாலேயே நிழலில் அது மங்கியும் வெளிச்சத்தில் பளிச்சென்றும் தெரிகிறது. முதலில் கருநீலத்தை அடியில் இட்டு, ஒளி விழும் முதுகிலும் இறகு நுனிகளிலும் மட்டும் வெளிர்நீலத்தைச் சேர்த்தால் அந்த மாற்றத்தை நெருங்கலாம். நீங்கள் பார்த்தது ஆணா பெண்ணா என்பதையும் முடிவுசெய்யுங்கள். சிறு மீன்கொத்தியில் ஆணின் அலகு முழுவதும் கருப்பு. பெண்ணின் கீழலகு செம்மஞ்சள்.

இருக்கைக் கிளையையும் பறவையைச் செதுக்கிய கவனத்தோடே தேர்ந்தெடுங்கள். குறிப்பேட்டில் கிளைக்கு இட்ட சாய்வை அளந்து, அதே சாய்வில் பீடத்தில் பொருத்தி, கால்களுக்குள் செலுத்திய பித்தளைக் கம்பியைக் கிளையின் துளையில் பசையில்லாமல் நிறுத்திப் பாருங்கள். பறவை தானாகச் சமநிலையில் நின்றால் மட்டும் பசையிட்டு, ஒரு முழு நாள் அசைக்காமல் விட்டுவிடுங்கள்.