ஏசி மாட்டின அம்பாசிடர் சிக்னல்ல கொதிக்குதா?

பழைய அம்பாசிடர்ல வேற இன்ஜின் ஏத்தி ஏசியும் மாட்டினவங்க சூடாகுதுன்னு உடனே பெரிய ரேடியேட்டர் வாங்க ஓடாதீங்க, எப்ப சூடாகுதுன்னு மொதல்ல பாருங்க. சிக்னல்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு ஏறி, வண்டி ஓட ஆரம்பிச்சதும் இறங்குதுன்னா பெரும்பாலும் காத்து பத்தலைன்னு அர்த்தம், ஏன்னா பெல்ட்ல சுத்துற ஃபேன் ஐடிலிங்ல மெதுவாத்தான் சுத்தும், போதாக்குறைக்கு ஏசியோட சூட்டை வெளியேத்துற கண்டென்சர் வேற ரேடியேட்டர் முன்னாடி நின்னு சூட்டை அடிக்கும். ரேடியேட்டரை ஒட்டி ஷ்ரௌடோட, அதாவது ஃபேனைச் சுத்தி மூடுற கூட்டோட, ஒரு எலக்ட்ரிக் ஃபேன் போட்டு, ரிலே, ஃபியூஸ், சூடானா ஃபேனை தானா ஓட விடுற தெர்மோ ஸ்விட்ச் வச்சு வயரிங் பண்ணுங்க (ஷ்ரௌட் இல்லாட்டி நடுவுல மட்டும்தான் காத்து இழுக்கும்). பைபாஸ்ல 80ல போறப்ப சூடாகுதுன்னா கதை வேற, ரேடியேட்டர் உள்ள அடைப்பு, வாட்டர் பம்ப், ஹோஸ் பாருங்க. இன்ஜின் சூடானப்புறம் மட்டும் ரேடியேட்டருக்கு தண்ணி விடுற வால்வான தெர்மோஸ்டாட்டை கழட்டி எறிய சொல்வாங்க, நானும் கேட்டு எறிஞ்சேன், பெட்ரோல் கூட குடிச்சதுதான் மிச்சம். போர் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படியும், கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி போதும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய மட்டும் தொட்றாதீங்க.