மைலோ டின்னில் மிஞ்சிய மாத்திரைகள்

போன வாரம் சுங்கை சிப்புட் அரசாங்க கிளினிக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி சொன்னான்: "இப்ப நல்லா இருக்குண்ணே. இனிமே மாத்திரை வேணாம். டேட்டை கேன்சல் பண்ணத்தான் வந்தேன்." எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் நினைத்தேன். நான் கேன்சல் பண்ணக்கூட வரவில்லை.

நான் டாக்டர் இல்லை. மனச்சோர்வில் விழுந்து எழுந்தவன். எங்கள் தாமானில் யாராவது முதல்முறை கிளினிக் போகப் பயந்தால் கூடப் போய் உட்காருவேன். நேரத்தோடு தூங்கு, நட, போனை ஓரமாக வை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன். நம் ஆட்கள் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

உடம்பு வலியை மட்டும் சொல்வது

நம் ஆட்கள் 'மனசு சரியில்லை' என்று டாக்டரிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். தலைபாரம், முதுகு வலி, வயிற்றெரிச்சல் என்பார்கள்; பெனடோல் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். வலி பொய்யில்லை. ஆனால் இரண்டு வாரமாக விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, சோறு இறங்கவில்லை என்பதையும் சொன்னால்தான் டாக்டர் அந்தப் பக்கம் யோசிப்பார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள் கொண்ட, மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 தாளை நீட்டுவார்.

நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, 'ஹார்ட் அட்டாக்' என்று எமர்ஜென்சிக்கு ஓடுவது வேறு. முதல் தடவை ஓடத்தான் வேண்டும். இதயத்தில் கோளாறில்லை, இது பேனிக் அட்டாக் என்று டாக்டர் சொன்ன பிறகும் ஐந்தாவது இசிஜிக்கு அடம்பிடிப்பதுதான் வீண். அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். அதற்கென்று வைத்தியமும் உண்டு.

நன்றாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது

இன்னமும் எனக்குக் கடுப்பேற்றுவது இதுதான்.

எனக்குக் கொடுத்தது செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. முதல் பத்து நாள் குமட்டலும் தலைவலியும்தான் மிச்சம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும் என்று நர்ஸ் மிஸ்ஸி முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் செம்பனை ஆலையில் லாரி எடை எழுதும் வேலைக்குத் திரும்பினேன். லாரிக்காரர்களோடு சிரித்துப் பேசினேன்.

அப்புறம் தைப்பூசம் நெருங்கியது. ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்குக் காவடி நேர்ந்திருந்தேன். விரதத்தில் கண்ட மருந்தும் ஆகாது என்றார் ஒரு பெரியவர். எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மிச்ச மாத்திரைகளை மைலோ டின்னில் போட்டு மூடினேன்.

நாலாம் நாள் தலையைத் திருப்பினாலே உள்ளே கரண்ட் அடித்தது. தூக்கம் போச்சு. எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். "சாமி சோதிக்குது" என்றார் அம்மா. இரண்டு வாரத்தில் அது அடங்கவும், ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். காவடியும் எடுத்தேன். இரண்டு மாதம் கழித்து எல்லாம் திரும்பி வந்தது, முன்னைவிடக் கனமாக. ஒரு காலை, எடைமேடையில் நின்ற லாரியின் எண்ணை மூன்று தடவை பார்த்தும் என்னால் எழுத முடியவில்லை. எம்சி என்கிற மருத்துவ லீவு தீர்ந்து, சம்பளமில்லாத லீவும் தீர்ந்து, வேலை போனது. அம்மா டின்னைத் திறந்து எண்ணினார். இருபத்தாறு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மனச்சோர்வு குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் அதே அளவில் மாத்திரை தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். எனக்கு அடித்த கரண்ட் மாதிரி வராமலிருக்கத்தான், நிறுத்தும்போது டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். செர்ட்ராலின் நாளுக்கு ஒரு வேளைதான்; அது எந்த விரதத்தையும் கெடுக்காது. 'அடிமையாயிடுவே' என்கிறவர்கள் பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிராசோலம், லோராசெபாம் போன்றவற்றோடு இதைக் குழப்புகிறார்கள். நாள்பட்டால் பழக்கமாவது அவைதான். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: தண்ணீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடும். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

அந்தத் தம்பியிடம் டின் கதையைச் சொன்னேன். சரி, டாக்டரிடமே கேட்கிறேன் என்று உள்ளே போனான்.

பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரை

வேண்டாம்.

தண்ணி போட்டுத் தூங்குவது

தூக்கம் வரும். நடுராத்திரி முழிப்பும், மறுநாள் பதற்றமும் சேர்ந்து வரும்.

'தஞ்சோங் ரம்புத்தானா?' என்று கேலி செய்வது

1911-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப் பெயர் நம் வாயில் வசவாகிவிட்டது. அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் கிளினிக் பக்கம் வருவதில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பெரும்பாலும் எங்கும் படுக்க வேண்டியதில்லை. கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம்.

கேட்கப் பயப்படுவது

"செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு அப்போதுதான் பேச்சே வரும். போலீஸ் வந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. பேச ஆள் வேண்டுமானால் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999. அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள களைக்கொல்லி, பூச்சிமருந்து, மிஞ்சிய மாத்திரை எல்லாவற்றையும் அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மைலோ டின்னையும் திறந்து பாருங்கள்.