புகையிலைக் கரைசலில் சோப்பை முதலிலேயே போட்டுவிடாதீர்கள்

போன தை மாதம் எங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் அவரைக்கொடி முழுக்க அசுவினிப் பூச்சி. புகையிலையை ஊறவைத்து, வடிகட்டி, சூட்டோடு சூடாக சோப்பையும் கரைத்து ஒரு பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தண்ணீர்த் தொட்டி ஓரம் வைத்தேன். முதல் நாள் அடித்ததில் பூச்சி கொத்தாக உதிர்ந்தது. பத்து நாள் கழித்து அதே பாட்டிலிலிருந்து எடுத்து அடித்தால், அசுவினி அசையவே இல்லை, எறும்பு அதன் மேலேயே சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தது. புகையிலை மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் தப்பு என்னுடையதுதான்.

புகையிலை போடுகிற பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள், உள்ளங்கையில் துளி சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கித்தான் வாயில் ஒதுக்குவார்கள். காய்ந்த இலையில், பூச்சியைக் கொல்கிற நஞ்சான நிகோட்டின் மாலிக், சிட்ரிக் போன்ற அமிலங்களோடு கட்டுண்டு உப்பாக இருக்கிறது, அதனால் எளிதில் ஆவியாகாது. சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டதும் கட்டு அவிழ்கிறது, புகையிலையின் வீரியம் ஏறுகிறது. நம் கரைசலில் அந்தச் சுண்ணாம்பு வேலையைச் செய்வது சோப்பு. பூச்சி உடம்பில் ஒட்ட மட்டும்தான் சோப்பு என்று பலரும் நினைக்கிறோம், அது பாதிதான். சோப்பு சேர்ந்ததும் விடுபட்ட நிகோட்டின் பூச்சிக்குள் வேகமாகப் போகும், அதே வேகத்தில் காற்றிலும் போய்விடும். ஆக, சோப்பு கடைசியில், தெளிக்கப் போகிற அரை மணி நேரத்துக்குள்.

அளவு ஒன்றும் பெரிய ரகசியமில்லை. வயலுக்குச் சொல்கிற கணக்கு அரை கிலோ புகையிலைக் கழிவு, 4.5 லிட்டர் தண்ணீர், ஒரு நாள் ஊறல், 120 கிராம் பார் சோப்பு, பிறகு ஆறேழு மடங்கு தண்ணீர். மாடித் தோட்டத்துக்கு இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 கிராமே தாராளம், விளாவினால் 3 லிட்டர் வந்துவிடும். மிச்சம் வைத்துக்கொள்ளலாம் என்று கூடுதலாகக் கலப்பதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது.

அடுத்தது வெயில். சுத்தமான நிகோட்டினுக்கு நிறமே கிடையாது, காற்றும் வெளிச்சமும் பட்டால் மஞ்சளாகிப் பழுப்பாகிவிடும். மின்சிகரெட்டை நம் நாட்டில் 2019-லேயே தடை செய்தாயிற்று, ஆனால் அது புழங்குகிற நாடுகளில் நிகோட்டின் திரவத்தை அடர்நிறக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஃப்ரீசரில் வைப்பது இதனால்தான். நாமோ கடற்கரை ஊர் வெயிலில், மொட்டை மாடியில், கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் பாட்டிலில் வைக்கிறோம்! நம் கரைசல் முதலிலேயே பழுப்பு என்பதால் கெட்டது கண்ணுக்கும் தெரியாது. அதற்காக வீட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், தயவுசெய்து. பார்க்க அச்சு அசல் கடுங்காப்பிதான், பக்கத்து வீட்டு அக்கா என் பாட்டிலைப் பார்த்துவிட்டு "என்ன தம்பி, காப்பியை மாடியில வச்சிருக்க?" என்று கேட்டபோதுதான் எனக்கே வயிற்றைக் கலக்கியது. யாராவது ஒரு வாய் குடித்திருந்தால் வாந்தி, தலைசுற்றலோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் கைவைத்தியம் பார்க்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியதுதான். காய்ந்த புகையிலையாகவே காற்றுப் புகாத டப்பாவில், பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துத் தேவைப்படும்போது ஊறப்போடுங்கள். ஊறுகிற பாத்திரத்தையும் மூடி, நிழலில் வையுங்கள்.

சிலர் சீக்கிரம் சாறு இறங்கட்டும் என்று அடுப்பில் கொதிக்கவைக்கிறார்கள், அதுவும் சமையல் பாத்திரத்தில். வேண்டாம். நிகோட்டின் நீராவியோடு சேர்ந்து கிளம்பும், அதை மூச்சில் இழுப்பவர் நீங்கள்.

தண்ணீர் விஷயம் நம் பக்கத்தில் முக்கியம். கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் பல வீட்டு போர் தண்ணீர் உப்பும் கடினமும். அதில் சோப்பு நுரைக்காமல் தயிர் மாதிரி திரிந்து தெளிப்பானின் நாசிலை அடைக்கும். பிடித்துவைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதுவே போதும்.

தக்காளி, மிளகாய், கத்தரிக்கு இந்தக் கரைசல் கிட்டவே போகக்கூடாது. எல்லாம் புகையிலையின் பங்காளிகள். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையிலும் உயிரோடு இருக்கும், பூச்சியை விரட்டப் போய் நோயைக் கொண்டுவந்து கொடுத்த கதையாகிவிடும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அந்தச் செடிகள் பக்கம் போக வேண்டும்.

கை என்றதும் இன்னொன்று. இயற்கைதானே என்று வெறுங்கையால் கலக்குவார்கள். நிகோட்டின் தோல் வழியாகவே இறங்கும், ஈரப் புகையிலை பறிக்கிற ஆட்களுக்குத் தலைசுற்றி வாந்தி வருவது அதனால்தான். சோப்பு சேர்த்த கரைசல் இன்னும் சுலபமாக இறங்கும். இத்தனைக்கும், ஒரு காலத்தில் பூச்சிமருந்தாக விற்ற நிகோட்டின் சல்பேட்டை இந்தியாவில் பயன்படுத்தவே தடை. அதுவும் இதே நிகோட்டின்தான், அமிலம் சேர்த்து உப்பாக்கியதால் பாட்டிலில் தாங்கியது. ரப்பர் கையுறை, மூக்கு வாய்க்கு ஒரு துணி, காற்றடிக்கிற பக்கம் முதுகைக் காட்டி நிற்பது, இவ்வளவு செய்தாலே பெரிய விஷயம்.

தேனீக்கள் அடங்கிய பிறகு, பொழுது சாயும்போது அடியுங்கள். கீரைக்கும், நாளைக்கே பறிக்கப்போகிற காய்க்கும் அடிக்கவே வேண்டாம். மிஞ்சியதைச் சாக்கடையிலோ மீன் தொட்டிப் பக்கமோ கொட்டாமல் குரோட்டன்ஸ் மாதிரி சாப்பிடாத செடியின் மண்ணில் விட்டுவிடலாம், சக்கையையும் அங்கேயே புதைத்துவிடுங்கள். உரக்குழியில் போட்டால் அது சுற்றி வந்து தக்காளித் தொட்டியில்தான் விழும்.