அப்பாவுக்குக் காது மெஷின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதானால் வரும் காது மந்தம் ஒரு தினுசானது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்பார்கள். உண்மையைத்தான் சொல்கிறார்கள். வயதாக ஆக, உள்காதில் முதலில் தேய்வது உயர் அலைவரிசை ஒலிகளை, அதாவது கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கும் பகுதி. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் கீழ் அலைவரிசையில் இருப்பதால் அவை காதில் விழுந்துவிடும். க, ச, த, ப ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் உயர் அலைவரிசையில் இருக்கிறது; அது நழுவிவிடும். கடை, சடை, தடை, படை நான்கும் ஒன்றுபோலக் கேட்கும். "வேணும்னே கேக்காத மாதிரி நடிக்கிறார்" என்று வீட்டில் முணுமுணுப்பு கிளம்புவது இங்கேதான்.

பலர் செய்யும் முதல் தவறு, நேராக மெஷின் கடைக்குப் போவது. முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். காதில் குறும்பி அடைத்திருந்தாலே கேட்பது குறையும். அதை எடுத்தால் போதும். ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் கேட்காமல் போனால் அது வயதுக் கோளாறு இல்லை, அவசரம். உடனே சிகிச்சை தொடங்கினால்தான் திரும்பக் கேட்க வாய்ப்பு அதிகம். "சளியா இருக்கும், பாப்போம்" என்று ஒரு வாரம் விடக் கூடாது.

அடுத்து, கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் செய்யும் பரிசோதனை. அதன் முடிவைக் கோடாகக் காட்டும் ஆடியோகிராம் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதில் இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை அலைவரிசை எழுதியிருக்கும். மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது சத்தத்தின் அளவு. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்க மந்தம் அதிகம் என்று அர்த்தம். வயதானவர்களின் காகிதத்தில் கோடு பெரும்பாலும் இடப்பக்கம் ஓரளவு மேலே இருந்து, வலப்பக்கம் போகப் போகச் சரியும். மெஷின் தூக்கிக் கொடுக்க வேண்டியது அந்தச் சரிவைத்தான்.

ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும் ஆம்ப்ளிஃபயர்கள் பலருக்கும் ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். சரிவை மட்டும் தூக்காமல், நன்றாகக் கேட்கும் ஃபேன் இரைச்சலையும் சேர்த்து அவை பெரிதாக்கிவிடும். அப்பா இரண்டே நாளில் கழற்றி வைத்துவிட்டு, "இந்த மெஷினெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுவார். அப்புறம் நல்ல மெஷினுக்குச் சம்மதிக்க வைப்பது பெரும்பாடு.

வெளியே தெரியாத மெஷின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் உண்டு. காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் வகை மிகச் சின்னது. விரல் மரத்துப்போனவர்கள், கை நடுங்குகிறவர்கள், கண்பார்வை மங்கியவர்கள் அதன் செல்லை மாற்றுவதை ஒரு தடவை பாருங்கள், புரிந்துவிடும். எழுபதைத் தாண்டியவருக்குக் காதின் பின்னால் மாட்டும், சார்ஜ் ஏற்றும் வகைதான் என் ஓட்டு. இரண்டு காதும் மந்தமாக இருந்தால், முடிந்தவரை இரண்டுக்கும் வாங்குங்கள். சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பதும், கூட்டத்தில் பேச்சைப் பிரித்தெடுப்பதும் அப்போதுதான் கைகூடும்.

சேனல் (ஒலியைத் தனித்தனி அலைவரிசைப் பகுதிகளாகப் பிரித்துச் சரிசெய்வது) எண்ணிக்கையைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். பாதி நாள் வீட்டிலேயே இருப்பவருக்கு உச்ச விலை மாடல் அவசியமில்லை. விலையைவிட வாங்கும் இடத்தைப் பாருங்கள்: சில நாள் போட்டுப் பார்க்கத் தருவார்களா, திரும்பத் திரும்ப வந்தால் முகம் சுளிக்காமல் டியூன் செய்வார்களா? நடுத்தர மெஷினும் பொறுமையான ஆடியாலஜிஸ்ட்டும் கிடைத்தால் போதும்.

பல மெஷின்கள் பிடிக்காமல் கழற்றி வைக்கப்படுவது ஆரம்ப நாட்களில்தான். பல வருடம் கேட்காமல் இருந்த சத்தங்கள் ஒரே நாளில் உள்ளே வருகின்றன: செய்தித்தாள் புரட்டும் சத்தம், செருப்புச் சத்தம், குழாய் சொட்டுவது. சொந்தக் குரலே பானைக்குள் பேசுவதுபோல இருக்கும். இதில் எது தேவை, எது வேண்டாம் என்று மூளை மறுபடி பழக வேண்டும். கல்யாணத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டு போனால் பழகாது. அதுவும் மேளச்சத்தத்தில் ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது ஆரம்பித்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எங்கே தொந்தரவு என்று குறித்து வைத்துப் போய்ச் சொன்னால் செட்டிங்கை மாற்றித் தருவார்கள். "தினமும் போடுறேன்" என்று பொய் சொல்ல முடியாது. இன்றைய மெஷின்கள் பலவற்றில் தினசரி எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு இருக்கும், அவர்கள் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும்.

பராமரிப்பில் நம் ஊர் வியர்வைதான் எதிரி. இரவில் கழற்றி, துடைத்து, சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வையுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் குளிக்கும்போதும் மெஷின் காதில் இருக்கக் கூடாது. செல் போடும் வகை என்றால் இன்னொரு விஷயம்: அந்தக் குட்டிச் செல்லின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பிரித்தால் காற்று உள்ளே போய்ச் செல் வேலையைத் தொடங்கும். ஒரு நிமிடம் பொறுத்துவிட்டுப் போட வேண்டும். மொத்தமாகப் பிரித்து வைத்தால் போடாமலேயே தீர்ந்துவிடும். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டியும் பயனில்லை. மெஷின் கீச்சென்று கத்தினால் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது குறும்பி அடைத்திருக்கிறது. சத்தமே வராவிட்டால், ரிப்பேருக்கு ஓடும் முன் நுனியில் குறும்பி உள்ளே போகாமல் தடுக்கும் வாக்ஸ் கார்டு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. மெஷின் வாங்கியாச்சு என்று சமையலறையில் மிக்ஸி ஓட, அங்கிருந்தபடியே கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. கத்தவும் வேண்டாம். இந்த வகை மந்தத்தில் மெல்லிய சத்தம் கேட்காது, சற்றே ஏற்றினால் காதைக் கிழிக்கும். "என்ன சொன்னே?" என்றவர் அடுத்த நொடியே "ஏன் கத்துறே?" என்பது அதனால்தான். எதிரில் போய், முகம் தெரிய, சாதாரணக் குரலில் நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வதைவிட வேறு சொல்லில் சொல்வது எளிது.

பணம்தான் தடை என்றால் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஈ.என்.டி. பிரிவில் கேளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்காக மத்திய அரசு 2017-ல் தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்தில் காது மெஷினும் உண்டு. முகாம் வைத்துக் கொடுக்கிறார்கள். இலவசமாக வந்த மெஷினுக்கும் டியூனிங் வேண்டும். முகாமில் வாங்கியதோடு விடாமல், ஆடியோகிராமோடு எடுத்துப் போய் ஒரு ஆடியாலஜிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.