ஆட்டுக்காலில் தொடுப்பிழையம் பார்ப்போம்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் தொடுப்பிழையத்தை, அதாவது உடலின் பகுதிகளை இணைத்துத் தாங்கும் இழையத்தை, வெறும் அட்டவணையாகப் பாடமாக்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. இது குசினியிலேயே கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பாடம். ஒரு சனிக்கிழமை போதும்; வெள்ளியில் நம்மில் பலர் வீட்டில் மச்சம் இல்லையே.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உடலின் மேற்பரப்புகளை மூடும் மேலணியிழையத்தில் கலங்கள் நெருக்கியடித்து நிற்கும். தொடுப்பிழையத்தில் அவை தள்ளித் தள்ளிக் கிடக்கும். இடைவெளியை நார்களும் கூழ் போன்ற பொருளும் நிரப்பும். அந்த நார்களைச் செய்வதும் கலங்கள்தான்.

படி 1: வாங்குதல்

ஆட்டின் பின்னங்கால் ஒன்று, கழுத்துத் துண்டு ஒன்று. "சின்னனாக வெட்ட வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: சவ்வும் கலங்களும்

இரண்டு தசைகளை விரலால் மெல்லப் பிரியுங்கள். நடுவே சிலந்திவலை போல ஈரமாக இழுபடுவது சிற்றிடவிழையம். அதில் நகக்கண் அளவு எடுத்து, கண்ணாடித் தகட்டில் இரண்டு ஊசிகளால் மெல்லியதாக விரித்து, ஒரு துளி மெதிலீன் நீலச் சாயம் விட்டு, பாடசாலை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். அலையலையான கற்றைகள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன நார். தனித்தனியாக, கிளைவிட்டு ஓடும் மெல்லிய இழைகள் மீள்சக்தி நார். நீலப் புள்ளிகளாகத் தெரிபவை கலங்களின் கருக்கள். நீண்டு ஒடுங்கியவற்றில் பெரும்பாலானவை நார் செய்யும் நாரரும்பர்க் கலங்களுடையவை. குமிழி போல வெறுமையாகத் தெரிந்தால் அது கொழுப்புக் கலம். கிருமிகளை விழுங்கும் பெருந்தின்கலமும் மாஸ்ட் கலமும் இங்கேதான் இருக்கும், ஆனால் தொடக்கத்தில் பிரித்தறிவது கடினம். நுளம்பு கடித்த இடம் தடிக்கிறதே, அது மாஸ்ட் கலம் விடும் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலை.

படி 3: குதிக்கால் தசைநாண்

குதிக்காலின் பின்னால் வெள்ளையாக மினுங்கும், தசையை எலும்போடு இணைக்கும் நாணை வெட்டியெடுத்து, இரு முனையையும் பிடித்து இழுங்கள். நீளவே நீளாது. சீவல் தொழிலாளர் காலில் மாட்டும் தளைநாரை நினைத்துக்கொள்ளுங்கள். இழுவிசையைத் தாங்குவதுதான் இதற்கும் வேலை. இந்த நாண் பெரும்பாலும் கொலாஜன் நார்தான். கொலாஜன் மூலக்கூறே முப்புரிக் கயிறு போல மூன்று சங்கிலிகள் முறுக்கியது. அந்த முறுக்கு உறுதியாக நிற்க விற்றமின் சி வேண்டும். அது நெடுநாள் கிடைக்காதவர்களுக்கு ஸ்கர்வி என்ற நோய் வந்து பல் முரசில் இரத்தம் கசியும், ஆறிய காயமும் திரும்பப் பிரியும். நெல்லிக்காய் தின்னச் சொல்வதில் இவ்வளவு உயிரியல் இருக்கிறது.

படி 4: கழுத்து நார்

கழுத்தின் மேற்பக்கத்தில், முள்ளெலும்புகளுக்கு மேலே மஞ்சளாக ஒரு பட்டை ஓடும். இழுத்து விடுங்கள், றப்பர் போலச் சுருங்கும். மீள்சக்தி நாரின் புரதமான எலாஸ்டின் நிறைந்த இணையம் (எலும்போடு எலும்பை இணைக்கும் பட்டை) இது. ஆடு மேய்ந்துவிட்டுத் தலையை நிமிர்த்தும்போது தசையின் பாரத்தைக் குறைப்பது இதுதான்.

மூன்றாவது வகையான வலையுரு நார் கண்ணுக்குப் பிடிபடாது. ஈரல், மண்ணீரல் போன்றவற்றுக்குள் வலையாக நிற்கும். அதைப் பார்க்க வெள்ளிச் சாயம் வேண்டும்.

படி 5: அவித்தல்

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தசைநாணையும் மஞ்சள் பட்டையையும் ஒரே சட்டியில், மூடி போட்டு, மெல்லிய நெருப்பில் மூன்று நான்கு மணித்தியாலம் அவியுங்கள். கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்து ஜெலற்றினாகக் கரையும். நாண் குழைந்துவிடும், சாற்றை இரவு பிரிட்ஜில் வைத்தால் ஜெலியாக உறையும். ஆட்டுக்கால் சூப் விரலில் ஒட்டுவதும் இதனால்தான். மஞ்சள் பட்டையை எடுத்து ஆறவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். அது கரைந்திருக்காது, இன்னும் சுருங்கும்.