பென்சில்வேனியாவில் கார் இன்ஷூரன்ஸ்: 'நான்-ஸ்டாக்ட்' படிவத்தில் கையெழுத்துப் போடுமுன்

பிட்ஸ்பர்க், பிலடெல்பியா பக்கம் புதிதாக வருபவர்களுக்கு இது. வேறு மாநிலத்திலிருந்து மாறி வந்தால் 60 நாளுக்குள் பென்சில்வேனியா லைசென்ஸ், 20 நாளுக்குள் வண்டி ரெஜிஸ்ட்ரேஷன், வருடாவருடம் இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கர். இதெல்லாம் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாத விஷயம் இன்ஷூரன்ஸில் இருக்கிறது.

ஊரில் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் என்றால், அடிபட்டவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். உயிரிழப்பு, காயம் இரண்டுக்கும் மேல்வரம்பு கிடையாது. அந்த நினைப்போடுதான் நாம் இங்கே இறங்குகிறோம். இந்த மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச லயபிலிட்டியோ (இடித்தவரின் இன்ஷூரன்ஸ் அடிபட்டவருக்குத் தரும் தொகை) ஒரு ஆளுக்கு 15,000 டாலர். ஒரு எலும்பு ஆபரேஷனுக்கே அது காணாது. அந்தக் குறைந்தபட்சம்கூட இல்லாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவர்தான் என் நண்பனின் மனைவியை இடித்தார். எனக்கு அவள் தங்கச்சி மாதிரி. சிவப்பு சிக்னலில் நின்றுகொண்டிருந்த காரைப் பின்னாலிருந்து ஒரு பிக்கப் டிரக் வந்து மோதியது. அந்த ஆள் பிரீமியம் கட்டாமல் பாலிசி ரத்தாகியிருந்தது. தங்கச்சிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, ஆபரேஷன், பிசியோதெரபி, மாதக்கணக்கில் வேலை இல்லை.

இந்த மாதிரி நேரத்துக்குத்தான் நம் பாலிசியிலேயே 'அன்இன்ஷூர்ட் மோட்டாரிஸ்ட்' கவரேஜ் இருக்கிறது. இடித்தவர் தர வேண்டியதை நம் கம்பெனியே தரும். நண்பன் வீட்டில் இரண்டு கார், ஒவ்வொன்றுக்கும் 50,000. ஸ்டாக்ட் என்றால் இரண்டையும் கூட்டி 1,00,000 வரை கேட்கலாம். நான்-ஸ்டாக்ட் என்றால் எத்தனை கார் வைத்திருந்தாலும் 50,000தான். அவர்களுக்கு 50,000தான் வந்தது.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். சட்டப்படி இங்கே ஸ்டாக்ட்தான் இயல்பாக வரும். வேண்டாம் என்று தனிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அது போகும். பாலிசி எடுத்த அன்று போனில் பேசிய ஏஜென்ட், "பிரீமியம் குறையும், லிங்க் அனுப்புகிறேன், சைன் பண்ணுங்க" என்றதோடு சரி. நண்பன் மதிய இடைவேளையில் மொபைலில் விரலால் தட்டிவிட்டான். பாலிசியில் முதல் பெயராக இருப்பவர் போடும் கையெழுத்து வீட்டில் எல்லோரையும் கட்டும். தங்கச்சி அந்தப் படிவத்தை முதல்முறையாகப் பார்த்ததே, கம்பெனி அதை ஆதாரமாக அனுப்பியபோதுதான். அவளுடைய தோளுக்கான தொகை, அவளைக் கேட்காமலே பாதியாகியிருந்தது.

அதனால் கணவன், மனைவி இருவரும் உட்கார்ந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடுகிறோம், சந்தோஷம். அந்த அக்கறையில் அரை மணி நேரம், கவரேஜும் தொகையும் பட்டியலிட்டிருக்கும் டிக்ளரேஷன் பேஜுக்கும் கொடுங்கள்.

ஒரே கார்தானே என்றும் விட்டுவிட வேண்டாம். கூடவே தங்கியிருக்கும் தம்பிக்குத் தனி பாலிசி இருந்து, இரண்டிலும் ஸ்டாக்ட் இருந்தால் சேர்த்துக் கேட்க வழி உண்டு. ரூம்மேட்டுக்கு அது பொருந்தாது. குடும்பத்தவராக இருக்க வேண்டும். அப்புறம், இது உடம்புக்கான காசு. காரின் பம்பருக்கு 'கொலிஷன்' என்ற கவரேஜ் தனியாக வேண்டும். லயபிலிட்டி தொகையைவிட அன்இன்ஷூர்ட் மோட்டாரிஸ்ட் தொகையை அதிகமாக வைக்க முடியாது, ஆகவே முதலில் லயபிலிட்டியை உயர்த்துங்கள். 'லிமிடெட் டார்ட்' என்று இன்னொரு மலிவு வழியும் காட்டுவார்கள். பெரிய காயமாக இல்லாவிட்டால் வலி, வேதனைக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை அதில் போய்விடும். அந்த உரிமை முழுதாக இருக்கும் 'ஃபுல் டார்ட்'தான் நான் எடுப்பேன்.

இடித்தவர் நிற்காமல் ஓடிவிட்டாலும் அதே அன்இன்ஷூர்ட் மோட்டாரிஸ்ட் கவரேஜ்தான். ஆனால் போலீஸில் சொல்லியிருக்க வேண்டும், கம்பெனிக்கும் 30 நாளுக்குள் தெரிவித்துவிடுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் இன்றே கூப்பிட்டு ஸ்டாக்ட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸே இல்லாதவர் இடித்தால் ஒரு கவரேஜ், போதாத இன்ஷூரன்ஸ் உள்ளவர் இடித்தால் இன்னொன்று. இரண்டுக்கும் படிவம் தனித்தனி. புது டிக்ளரேஷன் பேஜ் வந்ததும் இரண்டு வரியிலும் 'ஸ்டாக்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.